ஊர்ப் பொதுக் கலைக்கூடம்: அறுநூறு சதுர அடியில் அமைத்து நடத்தும் முறை

சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்துவிட்டு ஊர் திரும்பும் ஓவியர்கள் பலர். அவர்கள் படம் மாட்ட ஊரில் ஒரு நல்ல சுவர் இருக்காது. கிடைப்பது கல்யாண மண்டபத்தில் மூன்று நாள், அல்லது பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு மேலே ஒரு ஆணி. நூலகத்து மாடி, பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டடம், ஓடாத அரிசி ஆலையின் ஒரு பகுதி என ஐந்நூறு அறுநூறு சதுர அடி கைக்கு வந்தால், அதை நிரந்தரமான கலைக்கூடமாக்க முடியும். பணத்தை விட ஒழுங்குதான் அதிகம் தேவைப்படும். அடுத்தவர் பொருளை வாங்கி வைக்கிறோம், வந்தபடியே திருப்பித் தர வேண்டும் என்பதுதான் வேலையின் மொத்தமும். கீழே சொல்லும் எல்லாம் அதற்காகத்தான்.

சுவர்

முதல் செலவு வண்ணத்துக்கு இல்லை, ஓதம் பார்ப்பதற்கு. ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒன்று தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், இன்னொன்று ஐந்தடி உயரத்தில். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். இந்தச் சோதனையைச் சித்திரையில் செய்து பயனில்லை, எந்தச் சுவரும் தேறிவிடும். ஐப்பசி கார்த்திகையில், நல்ல மழை பெய்த மறுநாள் செய்யுங்கள்.

உப்புப் பூத்த சுவரைச் சுரண்டி, புட்டி பூசி, மேலே எமல்ஷன் அடித்தால் அடுத்த மழைக்குள் பொருக்குப் பொருக்காக உதிரும். தண்ணீர் ஏறுகிற வழியை அடைக்காமல் மேலே எதைப் பூசினாலும் இதே கதைதான். அடைக்க வசதியில்லை என்றால் அந்தச் சுவரை விட்டுவிட்டு, முன்னால் பிளைவுட் பலகைச் சுவர் எழுப்புங்கள். அலுமினியச் சட்டம், அதன் மேல் 12 மி.மீ. பிடபிள்யூபி (நீரில் ஊறினாலும் பிரியாத) தரப் பிளைவுட். கட்டடச் சுவருக்கும் பலகைக்கும் இடையே இரண்டு அங்குலம் வெளி விடுங்கள். அடியில் தரையிலிருந்து நான்கு அங்குலமும் மேலே கொஞ்சமும் திறந்திருந்தால்தான் காற்று ஏறி இறங்கும். இரும்புச் சட்டம் போட்டால் துரு வடிந்து கறையாகும். பலகையின் பின்பக்கத்துக்கும் ஒரு கோட் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு எதற்கு என்று ஆசாரி கேட்பார். ஒரு பக்கம் மட்டும் அடைபட்ட பலகை ஈரம் குடித்து வில்லாக வளையும். எட்டுக்கு நான்கு பலகைகள் சேருமிடத்தில் காகித டேப் ஒட்டிப் புட்டி இழைக்காவிட்டால், மூன்றே மாதத்தில் கோடு தெரியும்.

வண்ணம் பளபளப்பில்லாத மேட் எமல்ஷன், ரோலரால் இரண்டு கோட். சுண்ணாம்பு வேண்டாம், சட்டத்திலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வரும். எந்த நிறுவனத்தின் எந்த வெள்ளை என்று எண்ணைக் குறித்து வைத்து, ஒட்டுப்போட நான்கு லிட்டரைக் கூடவே வாங்கிவிடுங்கள். வெள்ளையில் நூறு வெள்ளை உண்டு. ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு கண்காட்சிக்குப் பின்னும் திட்டுத் திட்டாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

எத்தனை படம் மாட்டலாம்? இருபதுக்கு முப்பது அடி அறையின் சுற்றளவு நூறு அடி. கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு போக எழுபது எழுபத்தைந்து அடி மிஞ்சும். சராசரி மூன்றடி அகலப் படம், பக்கத்தில் இரண்டடி இடைவெளி என்றால் பதினான்கு பதினைந்து படங்கள். ஊரில் நாற்பது ஓவியர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் இடம் கொடுங்கள் என்று நெருக்குவார்கள். ஆண்டுக்கு நான்கு கண்காட்சியாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே நேரத்தில் நாற்பதையும் மாட்டினால் அது கண்ணாடி பிரேம் கடை.

வெளிச்சம்

ட்யூப்லைட் அறைக்கு வெளிச்சம் தரும், படத்துக்குத் தராது. கூரையில் டிராக் (விளக்குகளை மாட்டி நகர்த்தும் நீளச் சட்டம்) போட்டு, நகர்த்தித் திருப்பக்கூடிய எல்இடி விளக்குகள் மாட்டுங்கள். பத்து பன்னிரண்டு வாட் போதும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் மூன்றைப் பாருங்கள்: சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல், நிறம் 3000 கெல்வின், ஒளிக்கற்றை 24 அல்லது 36 டிகிரி. சிஆர்ஐ எழுபது எண்பதில் கிடைக்கும் மலிவு விளக்கின் கீழே குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். ஓவியர் முதலில் சண்டைக்கு வருவது இதற்காகத்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு ஏற்ற டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) உள்ள விளக்காகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் துடிக்கும், செல்போன் படத்தில் வரிவரியாக விழும்.

டிராக் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பதை எலக்ட்ரீஷியனிடம் விடாதீர்கள். அவர் அறையின் நடுவில் போட்டுவிடுவார், பார்ப்பவர் தன் நிழலையே படத்தின் மேல் பார்த்துக்கொண்டு நிற்பார். செங்குத்துக் கோட்டிலிருந்து முப்பது டிகிரி சாய்வில் ஒளி விழ வேண்டும். டிராக்கின் உயரத்திலிருந்து படத்தின் நடு உயரத்தைக் கழித்து 0.58ஆல் பெருக்குங்கள். டிராக் 290 செ.மீ. உயரத்தில், படத்தின் நடு 145 செ.மீ. என்றால் வித்தியாசம் 145, பெருக்கினால் 84. சுவரிலிருந்து 84 செ.மீ. தள்ளி டிராக். இதைவிட நெருங்கினால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல் நீளும். விலகினால் கண்ணாடியில் விளக்கு தெரியும்.

எவ்வளவு வெளிச்சம் என்பது பொருளைப் பொறுத்தது. நீர்வண்ணம், காகிதத்தில் வரைந்தவை, துணி, வண்ணப் புகைப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). எண்ணெய் வண்ணம், அக்ரிலிக்குக்கு 150 முதல் 200 வரை. மேசை வேலைக்குப் போடும் வெளிச்சம் 300, 400 இருக்கும் என்பதால் 50 லக்ஸ் முதலில் இருட்டாகத்தான் படும். வாசலிலிருந்து உள்ளே வர வர வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்தால் கண் பழகிவிடும். ஒளி செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போவது, இருட்டில் வைத்தால் திரும்பி வராது. அதனால் காகித வேலைப்பாட்டை எட்டு வாரத்துக்கு மேல் மாட்ட வேண்டாம், ஆள் இல்லாத நேரம் விளக்கை அணைத்துவிடுங்கள்.

மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் திரைச்சீலை போதாது. மாலை மூன்று மணிக்கு மேல் வரும் வெயில் சீலையைத் தாண்டிவிடும். பிளைவுட் அடித்து மூடுங்கள், சுவரும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். வடக்கு ஜன்னலை விட்டுவைக்கலாம், கண்ணாடியில் புற ஊதாவைத் தடுக்கும் படலம் ஒட்டி.

மாட்டுவது

எல்லாப் படத்துக்கும் நடுக்கோடு ஒரே உயரத்தில் வர வேண்டும், மேல் விளிம்போ கீழ் விளிம்போ அல்ல. அருங்காட்சியகங்களில் 145 முதல் 152 செ.மீ. வரை வைப்பது வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருகிற ஊர்க்கூடத்துக்கு 145 சரியாக வரும்.

ஆணி எங்கே அடிப்பது? நடுக்கோட்டு உயரத்தோடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து கொக்கி மாட்டும் இடம்வரை உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 80 செ.மீ. உயரப் படம், வளையம் மேலிருந்து 7 செ.மீ. கீழே என்றால் 145 + 40 - 7 = 178. கம்பியில் தொங்குகிற படமானால் கம்பியை நடுவில் விரலால் மேலே இழுத்துப் பிடித்தபடி அளக்க வேண்டும். தொய்ந்த நிலையில் அளந்தால், மாட்டியபின் படம் இரண்டு விரற்கடை கீழே நிற்கும். கூடுமானவரை கம்பியே வேண்டாம். சட்டத்தின் இரு பக்கமும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒவ்வொரு டி-வளையம், சுவரில் இரண்டு திருகு. மின்விசிறிக் காற்றிலும் கதவைச் சாத்தும் அதிர்விலும் கோணாது.

இடைவெளிக் கணக்கும் சுலபம். சுவர் 600 செ.மீ., படங்கள் 90, 120, 60. மொத்தம் 270 போக மீதி 330. மூன்று படத்துக்கு நான்கு இடைவெளி, ஒவ்வொன்றும் 82.5. ஆனால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் தரையில் பஞ்சுப் பட்டைமேல் நிறுத்திச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் காலை பார்க்கும்போது எது எதை அடிக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பெரிய சிவப்புப் படம் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோட்டோவியத்தை விழுங்கிவிடும், கணக்குச் சரியாக இருந்தாலும்.

பிறகு நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, பென்சிலால் குறித்துத் துளையிடுங்கள். பலகைச் சுவரானால் ஒரு அங்குலத் திருகு நேராகவே பிடிக்கும். பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட படத்துக்குத் திருகு பின்னால் உள்ள சட்டத்தில் இறங்க வேண்டும். சிமெண்ட் பூசிய செங்கல் சுவரில் 6 மி.மீ. துளை, பிளாஸ்டிக் பிளக், திருகு. எஃகு ஆணியைச் சுத்தியால் அடித்தால் பூச்சு உள்ளங்கை அளவு பெயர்ந்து வரும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் துளையே போடாதீர்கள். மேலே, கூரையை ஒட்டி ஒரு அலுமினிய ரயில், இரண்டடிக்கு ஒரு திருகு, அதிலிருந்து எஃகுக் கம்பியில் படம் தொங்கட்டும். கம்பி கண்ணில் படும்தான், பரவாயில்லை.

சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டுங்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்று போக வேண்டும். பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. இரட்டை டேப்பை நம்பி எதையும் மாட்ட வேண்டாம். சன்போர்டு எனும் நுரைப் பலகையில் ஒட்டிய புகைப்படத்தை டேப்பில் மாட்டினால், அக்கினி நட்சத்திரத்தில் பசை இளகி ஒவ்வொன்றாகக் கீழே விழும். விழாதது வளையும்.

ஈரமும் பூச்சியும்

ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்கி, காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். மானி சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரையாமல் சேறுபோல் இருக்கும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஒரு இரவு வையுங்கள். 75 விழுக்காடு காட்ட வேண்டும். 80 காட்டினால் இனி எப்போதும் ஐந்தைக் கழித்துப் படியுங்கள்.

ஐம்பதிலிருந்து அறுபது வரை நல்லது. எழுபதைத் தாண்டிச் சில நாள் நின்றால் பூஞ்சணம் வரும். கடலோர ஊரில் ஆண்டு முழுதும் அறுபதில் வைக்க முடியாது, அதற்காகக் கண்காட்சி நேரத்தில் மட்டும் ஏசி போட்டு இரவில் அணைப்பது இன்னும் கெடுதல். பகலில் காய்ந்து இரவில் ஊறி, கேன்வாஸும் மரச்சட்டமும் தினமும் சுருங்கி விரியும். வண்ணத்தில் விரிசல் விடும். ஒன்று விடாமல் ஓட்டுங்கள், அல்லது ஏசியே இல்லாமல் விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வைத்துக்கொள்ளுங்கள். பிந்தியதுதான் ஊர்ப் பொது நிதிக்குத் தாங்கும். உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டி நிறைந்தால் தானே நின்றுவிடும். குழாயைச் சாக்கடைக்கு விட்டால் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்.

நாள்காட்டியையும் மழைக்கேற்ப அமையுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை காகித வேலைப்பாடு வேண்டாம். அப்போது சுடுமண், உலோகம், காணொளி போடுங்கள். கொச்சியில் கடலை ஒட்டிய ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய கிடங்குகளில் 2012இல் தொடங்கிய பினாலே என்னும் ஈராண்டுக் கலைவிழாவும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை என்று மழை ஓய்ந்த பருவத்தில்தான் நடக்கிறது.

கரையானுக்குத் தரை ஓரத்தை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், மண் கோடு ஏறியிருக்கும். காகிதத்தையும் பசையையும் தின்னும் இராமபாணப் பூச்சி சட்டத்தின் பின் அட்டைக்குள் இருக்கும். பூச்சிமருந்தைப் படத்தின் பக்கத்தில் அடிக்காதீர்கள். பின் அட்டையை விளிம்பு நெடுகக் காகித டேப்பால் மூடினாலே பாதி தீர்ந்தது.

சிற்பமும் காணொளியும்

சிற்பப் பீடம் 18 மி.மீ. பிளைவுட் பெட்டி, உயரம் 90 முதல் 100 செ.மீ. உள்ளே அடியில் இரண்டு மணல் மூட்டை. வெறும் பெட்டி, முதுகில் பை மாட்டிய ஒரு பையன் திரும்பினால் சாய்ந்துவிடும். அதற்காகவே பைகளை வாசலில் வாங்கி வைக்க ஒரு அலமாரி வேண்டும்.

காணொளிக் கலைக்கு 1080பி எம்பி4 கோப்பு, பென்டிரைவ், டிவி போதும். வாங்கும் முன் இரண்டு விஷயம் சோதியுங்கள்: ஒரே கோப்பு இடைவெளியில்லாமல் திரும்பத் திரும்ப ஓடுகிறதா, கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடங்குகிறதா. இரண்டாவது பெரும்பாலான டிவியில் இல்லை. அதற்கு ஒரு சிறு மீடியா பிளேயரும் யுபிஎஸ்ஸும் வையுங்கள். இல்லையேல் பாதி நாள் கறுப்புத் திரையைத்தான் மக்கள் பார்ப்பார்கள், அதுவும் நவீன கலையோ என்று மரியாதையாக நின்றுவிட்டுப் போவார்கள்.

எழுத்து வேலை

சங்கமாகப் பதிவு செய்வதே வழி. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். கட்டடம் யாருடையதோ அவர்களிடமிருந்து எத்தனை ஆண்டுக்கு, மின்கட்டணம் யார், மராமத்து யார் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை தேர்தல்வரைதான் நிற்கும்.

படம் விற்றுக் கூடத்தை நடத்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற பணம்தான் அவர்களைத் தாங்கியது. சந்தா, பட்டறைக் கட்டணம், ஊர்க்காரர் நன்கொடை என்று மூன்று கால் வேண்டும்.

ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு தாள். ஒன்று இரவல் ஒப்பந்தம்: எந்தத் தேதியிலிருந்து எதுவரை, போக வர வண்டிச் செலவு யாருடையது, காப்பீட்டுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு எவ்வளவு, விற்றால் கூடத்தின் பங்கு என்ன, விளம்பரத்துக்குப் படம்பிடித்துப் போடலாமா. கட்டடத்துக்கு எடுத்த தீ, திருட்டுக் காப்பீடு வண்டியில் நடக்கும் சேதத்துக்குப் பணம் தராது. ஓவியர் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கித் திரும்ப அங்கே போய்ச் சேரும்வரை என்று கேட்டுப் போடுங்கள்.

இன்னொன்று நிலைமைத் தாள். பெட்டியைப் பிரித்ததும், மாட்டும் முன், ஓவியர் முன்னிலையில் எழுதுவது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் பரப்பை உரசுகிற மாதிரி பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாத கேன்வாஸில் விரல் அழுந்திய பள்ளம், பொக்கு, உரிந்த வண்ணம் எல்லாம் நிழலோடு எழும். “கீழ் இடது மூலை, விளிம்பிலிருந்து 4 செ.மீ., ஒரு நகக்கண் அளவு வண்ணம் உதிர்வு” என்று எழுதி, போட்டோ எடுத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். “நல்ல நிலை” என்று மட்டும் எழுதிய தாள் சச்சரவு வரும் நாளில் ஒன்றுக்கும் உதவாது.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. படத்தை விலைக்கு வாங்கினாலும் பதிப்புரிமை பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்தால் கேள்வி கேட்கும் உரிமையையும் அவருக்குத் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் பெயர்த்து எடுத்தது. அதன் மிச்சத்தைத் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஓவியம் வரையச் சொல்லிவிட்டு அடுத்த ஆண்டு அதன்மேல் விளம்பரம் எழுதும் ஊர்கள் இதைக் கவனிக்கலாம்.

பெயர்ச்சீட்டு தமிழில் முதலில் இருக்கட்டும். பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் செய்தது, உயரம் × அகலம். எழுத்து 20 புள்ளிக்குக் குறைந்தால் வயதானவர்கள் படத்தை விட்டுவிட்டுச் சீட்டை நோக்கிக் குனிவார்கள். விளக்கவுரை நூறு சொல்லுக்குள். “இருத்தலின் வெளியும் வெறுமையும்” என்று தொடங்கும் உரையைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் ஓவியரிடமே திருப்பி அனுப்பி, என்ன செய்தீர்கள், எதைக்கொண்டு செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஊரார்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நம் மக்கள் நுழைவார்கள், சிலர் கழற்றத் தயங்கி நுழையாமலே போவார்கள். “செருப்போடு வரலாம், கட்டணம் இல்லை” என்று இரண்டு வரி எழுதி வைத்தால் வருகை கூடும். நேரம் மாலை நான்கு முதல் எட்டு. பத்து முதல் ஐந்து என்று வைத்தால் வேலைக்குப் போகும் யாரும் வரமாட்டார்கள். வாசல் அகலம் குறைந்தது மூன்றடி, படி இருந்தால் பக்கத்தில் சாய்தளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்.

திறப்பு விழாக் குத்துவிளக்கு கூடத்துக்கு வெளியே ஏற்றட்டும். திரிப்புகை வெள்ளைச் சுவரில் படியும், எண்ணெய்க் கை படத்துக்குப் போகும். ஆயுதபூஜைக்கு முந்தின நாள் காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நேரிலேயே சொல்லிவிடுங்கள்: சந்தனமும் குங்குமமும் கதவுக்கும் ஏணிக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் மட்டும். சொல்லாவிட்டால் பக்தியோடு பீடத்துக்கும் சிற்பத்தின் நெற்றிக்கும் ஒரு பொட்டு விழும். நுண்துளையுள்ள சுடுமண்ணில் ஊறிய குங்குமம் எதற்கும் போகாது.

இறக்குவதும் அனுப்புவதும்

சேதம் பெரும்பாலும் கண்காட்சியில் நேர்வதில்லை, இறக்கும் நாளில் நேர்கிறது. எல்லோருக்கும் அவசரம். ஒரு படத்துக்கு இரண்டு பேர், கையைக் கழுவித் துடைத்து, ஒட்டிக்கொள்ளாத நைட்ரைல் கையுறையோடு. பருத்திக் கையுறை சட்டத்தில் வழுக்கும்.

பபிள்ராப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றாதீர்கள். அக்ரிலிக் வெயிலில் இளகும். மூடிய குட்டியானையில் மதிய நேரம் இரண்டு மணி நேரம் போனால் குமிழி குமிழியாகப் படத்தில் அச்சு விழுந்துவிடும், அதை எடுக்க வழியில்லை. நான்கு மூலைக்கும் தடித்த அட்டையில் முக்கோண உறை செய்து போட்டு, முன்பக்கத்தை எதுவும் தொடாதபடி ஒரு அட்டைப் பலகை வைத்து, அதற்கு மேல் பபிள்ராப். வண்டியில் படுக்க வைக்காமல், ஓட்டும் திசைக்கு இணையாகச் செங்குத்தாக நிறுத்திக் கட்டுங்கள். காலை ஏழு மணிக்குள் கிளப்பினால் பாதிக் கவலை இல்லை.

ஓவியர் வீட்டில் பிரித்து, பழைய நிலைமைத் தாளை வைத்துக்கொண்டு டார்ச்சால் மறுபடி பார்த்து, “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளும் ஒப்பந்தமும் போட்டோக்களும் ஒரே கோப்பில், கண்காட்சி வாரியாக. சுவரில் உள்ள துளைகளுக்குப் புட்டி வைத்து, காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, முன்பு எடுத்து வைத்த அதே எமல்ஷனைச் சின்ன ரோலரால் தொட்டுவிடுங்கள். பிரஷ்ஷால் தொட்டால் தடம் தெரியும். அடுத்த படங்கள் வருவதற்கு முன் சுவர் இரண்டு நாள் காயட்டும்.